மேட்சிங் சென்டர் நசீராவும் ஓடில்லாத நத்தைகளும்

உத்திரமேரூர் பஜார் தெருவில் அத்தாவுல்லா மேட்சிங் சென்டரைத் தெரியாத பெண்கள் கிடையாது. போர்டில் அத்தாவுல்லாவின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே போனால் அத்தாவுல்லா இருக்கமாட்டார். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, வியாபாரம் முன்னே மாதிரி இல்லை என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வியாபாரத்தைச் செய்துகொண்டிருப்பது அவர் மனைவி நசீரா. கல்யாணமாகி வாலாஜாபாத்திலிருந்து வந்த மறு மாதமே கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றவள், இருபது வருஷமாக நின்றுகொண்டே இருந்தாள். "வூட்ல போர் அடிக்குதுன்னு சொம்மா ஒத்தாசைக்கு வந்து நிக்கிறா" என்பார் அத்தாவுல்லா. ஒத்தாசை காலையில் கடை திறக்கும்போது தொடங்கி, ஷட்டர் இறக்கும்போது முடியும்.

சேலையைக் கொண்டுவந்து காட்டினால் அதே நிறத்தில் ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுதான் மேட்சிங் சென்டர் வேலை. கேட்க எளிதாக இருக்கும். ஊரில் மற்றவர்களுக்கு நீலம் என்றால் நீலம். நசீராவுக்கு ஆனந்தா ப்ளூ வேறு, காப்பர் சல்பேட் வேறு, மயில்கழுத்து வேறு. டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகளை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்து, "பாரும்மா, இது வேற, அது வேற" என்று பிரித்துவிடுவாள். செங்கல்பட்டிலிருந்துகூடச் சேலையைப் பையில் சுருட்டிக்கொண்டு வருவார்கள். துணி பொருந்திவிட்டால் பாராட்டுவார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் அத்தாவுல்லா எப்படியோ டீக்கடையிலிருந்து வந்து சேர்ந்து, பாராட்டை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டு மறுபடி போய்விடுவார்.

இப்படியே காலம் போயிருக்கும். செங்கல்பட்டு ரோட்டில் ஒரு மாடியில் புதிதாக ஒரு ஆபீஸ் திறந்தார்கள். படத்தைப் பார்த்துப் பெயர் போடும் வேலை. வெளிநாட்டில் யாரோ ஒரு கம்ப்யூட்டருக்குக் கண் கொடுக்கப் பார்க்கிறார்கள். அதற்குப் படம் படமாகக் காட்டி, இது நாய், இது நாற்காலி என்று சொல்லித்தர ஆள் வேண்டும். அந்த வேலைக்கு உத்திரமேரூர் ஆட்கள் போதும் என்று அவர்களுக்கு யாரோ நம்பிக்கையாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாதம் பயிற்சி, தேறினால் நிரந்தரம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. நோட்டீஸில் ஒரு பெண் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நசீரா அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. நாற்காலியைத்தான் பார்த்தாள். உட்கார்ந்துகொண்டே செய்யும் வேலைக்குச் சம்பளமும் கொடுப்பார்கள் என்பதை அவளால் நம்பவே முடியவில்லை.

"போயேன், யார் வோணாம்னது" என்றார் அத்தாவுல்லா. பெருந்தன்மை. "மூணு மாசம் தான. பேஜார் புடிச்சி நீயே வந்துடுவ. கடை எங்க போவப் போவுது."

ஆபீஸில் டீம் லீடர் ஏசுதாஸ். பெரிய ஊர்களில் வேலை பார்த்தவர் என்று அவரே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். நசீராவோடு இன்னும் இரண்டு பேர் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். ஒருத்தன் வினோத். இன்ஜினியரிங் படித்துவிட்டு மேற்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், பழையசீவரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன். இன்னொருத்தி அபிநயா, தை மாதம் கல்யாணம் வைத்திருக்கும் பெண். பாதி நாள் மனசு சேலையிலும் நகையிலும் இருக்கும்.

நாயும் நாற்காலியும் ஏற்கெனவே வேறு ஊர்க்காரர்கள் முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. இவர்களுக்கு வந்தது கடல் நத்தை. அதிலும் ஓடில்லாத நத்தை. விரல் நீளம் இருக்கும். முன்னால் இரண்டு கொம்பு, பின்னால் பூ விரித்தமாதிரி செவுள், உடம்பெல்லாம் நிறம். ஓட்டையும் கழற்றிப் போட்டுவிட்டு இவ்வளவு பளபளப்பாக ஒரு பிராணி கடலில் ஊர்ந்துகொண்டிருக்கும் என்பதே அந்த மாடியில் ஒருவருக்கும் தெரியாது. கடலையே நசீரா ஒரு தரம்தான் பார்த்திருக்கிறாள், அதுவும் மகாபலிபுரத்தில் பஸ் ஜன்னல் வழியாக.

ஒவ்வொரு நத்தைக்கும் வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. ஆகவே எண்களாலேயே கூப்பிட்டார்கள். மற்றவற்றில் தொல்லை இல்லை. ஏழு, எட்டு, ஒன்பது என்ற மூன்றுதான் உயிரை வாங்கின. மூன்றும் நீலம், மூன்றுக்கும் முதுகில் கறுப்புக் கோடு, மூன்றுக்கும் ஆரஞ்சில் கரை. எப்படிப் பிரிப்பது என்று விளக்கி வெளிநாட்டுக்காரர்கள் ஒரு கையேடு அனுப்பியிருந்தார்கள். ஏசுதாஸ் அதை வாட்ஸாப் குரூப்பில் போட்டார். போட்ட கையோடு ஒரு ரோஜாப் பூவும் காலை வணக்கமும் போட்டார். எல்லோரும் ரோஜாப் பூவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்கள்.

வேலையில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு படத்தை மூன்று பேரும் தனித்தனியாகப் பார்த்துப் பெயர் போட வேண்டும். இரண்டு பேர் ஒன்றாகச் சொன்னால் அதுதான் சரி. தனியாக நின்றவருக்குச் சிவப்புப் புள்ளி. சிவப்பு நிறையச் சேர்ந்தால் கம்ப்யூட்டர் அவரை உள்ளேயே விடாது. நத்தை உண்மையில் எது என்பது நத்தையின் சொந்த விஷயம், இங்கே பெரும்பான்மைதான் கணக்கு.

முதல் சில நாள் மூவரும் ஆளுக்கொரு எண் போட்டுச் சிவப்பாகச் சிவந்தார்கள். வினோத்துக்குத்தான் யோசனை வந்தது.

"அக்கா, நம்ம ஊர் பெருமாள் கோயில்ல இன்னா எழுதிக்கீது? சீட்டு எழுதிக் கொடத்துல போட்டு எடுத்துத்தான ஆள் வெச்சாங்க அந்தக் காலத்துல? எங்கெங்கேர்ந்தோ வந்து ஃபோட்டோ புடிச்சினு போறாங்க. நாமளும் அதே பண்ணா இன்னா?"

குடத்துக்கு ஆபீஸில் எங்கே போவது? அபிநயாவின் டிபன் டப்பாவைக் கழுவித் துடைத்தார்கள். ஏழு, எட்டு, ஒன்பது என்று மூன்று சீட்டு. குழப்பமான நத்தை வந்தால் அபிநயா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பாள். வந்த எண்ணை மூவரும் போடுவார்கள். சிவப்பு மறைந்துபோனது. டீமில் ஒற்றுமை வளர்ந்துவிட்டது என்று ஏசுதாஸ் மேலே எழுதி அனுப்பினார். டப்பாவில் புளிசாத வாசனைதான் கொஞ்சம் இருந்தது.

ஆனால் நசீராவுக்கு அது பிடிக்கவில்லை. நிறத்தை எதிரில் வைத்துக்கொண்டு சீட்டெடுப்பது அவளுக்கு அவமானமாக இருந்தது. ஒருநாள் டப்பாவை மூடிவிட்டாள்.

"இங்க பாருங்க. இது மயில்கழுத்து, இத்த ஏளு போடு. இது ஆனந்தா, எட்டு. அதோ அது காப்பர் சல்பேட். கண்ண நல்லாத் தொறந்து பாரு தம்பி, மூணும் மூணு சாயம். இதுக்குப் போயி சீட்டு எடுத்துக்கினு கீறோம்."

இருவரும் வாயைப் பிளந்தார்கள். அவள் சொன்ன பிறகு அவர்களுக்கும் தெரிந்தது. வினோத் ஓர் ஆர்வக்காரன். சாப்பாட்டு நேரத்தில்கூட விடமாட்டான். அரக்கு எது, மாந்துளிர் எது, கத்திரிப்பூ எது என்று துளைத்தெடுத்துக் கற்றுக்கொண்டான். நசீரா சொன்னால் சொன்னதுதான் அவனுக்கு. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவன் தன் பேச்சை வேதவாக்காகக் கேட்பது அவளுக்கு இனித்தது. இரண்டாம் மாதம் முழுக்க மூவரும் அவள் கண்ணாலேயே பார்த்தார்கள். ஒரு சிவப்பு கிடையாது. ஏசுதாஸ் அவள் புகைப்படத்தை, மாதத்தின் சிறந்த ஆள் என்று நோட்டீஸ் பலகையில் குத்தினார். அந்தப் படத்தை அவள் ஃபோனில் எடுத்துக்கொண்டு போய் அத்தாவுல்லாவிடம் காட்டினாள். அவர், மயில்கழுத்துச் சேலைக்குப் பாட்டில் கிரீன் துணியைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஒரு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. "ஃபோட்டோ நல்லாக்கீது" என்றார். 

மாத முடிவில் வெளிநாட்டிலிருந்து சோதனை வந்தது. அவர்கள் சும்மா இருப்பவர்கள் இல்லை. விடை தெரிந்த படங்களை முன்கூட்டியே இவர்கள் வேலைக்குள் கலந்துவிட்டு, கடைசியில் திருத்திப் பார்ப்பவர்கள். ஏசுதாஸ் மூவரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"டீம், ஒரு சின்ன ஃபீட்பேக். மொத மாசம் மூணுக்கு ஒண்ணு கரெக்ட். சுமார். ரெண்டாவது மாசம் அஞ்சுக்கு ஒண்ணு கூட தேறல. மொத மாசம் இன்னா மெத்தட் ஃபாலோ பண்ணீங்களோ அத்தயே பண்ணிருக்கலாமே, ஏன் மாத்துனீங்க?"

மூவருக்கும் டிபன் டப்பா ஞாபகம் வந்தது. 

"லாஸ்ட் சான்ஸ். ஒரு மாசத்துல எல்லாத்தையும் திரும்பப் பண்ணணும். இல்லன்னா மூணு பேர்ல ஒருத்தர்கூட கன்ஃபர்ம் ஆவ மாட்டீங்க" என்று முடித்தார் ஏசுதாஸ்.

அன்று நசீராவுக்குச் சோறு இறங்கவில்லை. இருபது வருஷம் வெயிலில் துணி பிடித்துச் சம்பாதித்த கண். புளிசாத டப்பா அதைத் தோற்கடித்துவிட்டது. அதைவிடக் கவுண்டர் ஞாபகம்தான் அவளை வதைத்தது. அங்கே திரும்பிப் போனால் இனி சாகும்வரை நிற்க வேண்டியதுதான், அத்தாவுல்லா அதற்கு ஒத்தாசை என்று பெயர் வைப்பார். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். வேறு எதையும் அவள் அவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டதில்லை.

மறுநாள் அவளுக்கு ஞானம் பிறந்தது. புத்தர் மாதிரி மரத்தடியில் எல்லாம் இல்லை, மானிட்டர் வயர் லூஸானதால். யாரோ மேஜையை இடித்ததில் திரை முழுக்க மஞ்சளாகிவிட்டது. நீலம் எல்லாம் ஓடிப்போய், நத்தைகள் மஞ்சள் காமாலை வந்தவை மாதிரி கிடந்தன. வயரைச் சரிசெய்ய ஏசுதாஸைக் கூப்பிட்டாள். அவர் மீட்டிங்கில் இருந்தார். வேறு வழி இல்லாமல் மஞ்சள் நத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயம் இல்லாததால் கோடு தெரிந்தது. ஒன்றுக்கு முதுகின் நடுக்கோடு தலையிலிருந்து வால்வரை ஒரே ஓட்டமாகப் போனது. இன்னொன்றுக்கு நடுவில் விட்டுவிட்டுப் போனது. மூன்றாவதுக்குக் கோடுகளுக்கு நடுவே பொடிப்பொடியாகப் புள்ளி. இரண்டு மாதமாகப் பார்த்த படங்கள்தான். ஒரு கோடுகூட அவள் கண்ணில் பட்டதில்லை.

பிறகுதான் அந்தக் கையேட்டை, ரோஜாப் பூவுக்கு மேலே போய்த் தேடி எடுத்தாள். ஒவ்வொரு சொல்லாக ஃபோனில் மொழிபெயர்த்துப் படித்தாள். முதல் பக்கத்திலேயே, தடித்த எழுத்தில், நிறத்தை நம்பாதே, கோட்டைப் பார் என்று போட்டிருந்தது. ஒரே இனம் இடத்துக்கு இடம் வெளுக்கும், கறுக்கும், கரையை மாற்றிக்கொள்ளும். ஒரே இடத்தில் இருக்கும் வேறு வேறு இனங்கள் ஒரே நிறத்தைப் போட்டுக்கொண்டு திரியும். அந்த நிறத்தில் ஒன்றைக் கடித்து வாய் கசந்த மீன், மற்றதையும் தொடாதாம். நசீராவுக்குக் கல்யாண வீடு ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லாம் சொல்லி வைத்து ஒரே சேலை எடுப்பார்கள். அத்தனைக்கும் அவள்தான் ரவிக்கைத் துணி வெட்டியிருக்கிறாள். சேலை ஒன்று என்பதற்காக நாத்தனாரையும் ஓரகத்தியையும் யாராவது மாற்றிக் கூப்பிடுவார்களா? முகத்தைப் பார்க்கிறோம். அவள் இரண்டு மாதமாக நத்தையின் சேலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறாள்.

ஏசுதாஸ் வயரோடு வந்தபோது, "வோணாம் சார், அப்டியே இருக்கட்டும்" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சிவப்பு விழத் தொடங்கியது. அவள் கோட்டைப் பார்த்து ஏழு போடுவாள். மற்ற இருவரும் அவள் கற்றுக்கொடுத்த கண்ணால் பார்த்து எட்டு போடுவார்கள். இரண்டுக்கு ஒன்று. சரியாகச் சொன்னவளுக்குச் சிவப்பு, தப்பாகச் சொன்ன இருவருக்கும் பச்சை. ஏசுதாஸிடம் போய்ச் சொன்னாள். "மேடம், மெஜாரிட்டிய நான் எப்டி மாத்துறது? டீம்ல பேசி அலைன் ஆயிக்கோங்க" என்றார்.

டீமில் பேசினாள்.

"நான் சொன்னது தப்பு தம்பி. கலர வுட்டுடு. கோட்டப் பாரு."

வினோத் திரையில் இருந்த நத்தையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, இது அப்பட்டமா ஆனந்தா ப்ளூ. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? அன்னிக்கி மெய்யாத் தெரிஞ்சது இன்னிக்கி எப்டி பொய்யாப் போவும்?"

"புக்குல போட்டுக்கீது தம்பி."

"புக்கு போட்டவன் உங்க அளவுக்குக் கலர் பாத்திருப்பானா? ஒரு மாசம் மார்க் வரலன்னு நீங்க பயந்துட்டீங்க. நான் மாற மாட்டேன்."

இப்படி ஒரு சீடன் கிடைப்பது அபூர்வம். வாழ்நாளில் அவளுக்கு வாய்த்த ஒரே சீடன், அவள் மனசு மாறியதையே ஒப்புக்கொள்ளமாட்டேன் என்று நின்றான்.

மிச்சம் இருந்தது அபிநயா. அவளுக்குக் கலரும் ஒன்றுதான், கோடும் ஒன்றுதான். வினோத் பக்கத்து இருக்கையில் இருந்ததால் அவன் போடுவதையே போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு உண்மையில் இருந்த கவலை வேறு. முகூர்த்தச் சேலை மாந்துளிர் நிறம். காஞ்சிபுரம் முழுக்க அலைந்தும் அதற்கு ரவிக்கைத் துணி பொருந்தவில்லை.

நசீரா அன்று சாயங்காலம் கடைக்குப் போனாள். அத்தாவுல்லா டீக்கடையில் இருந்தார். மேல் தட்டில், எப்போதோ வந்து கடைசித் துண்டாக நின்றுபோன மாந்துளிர் துணியை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். காலையில் அதை அபிநயாவின் மேஜையில் வைத்தாள். அந்தப் பெண் தன் சேலையின் ஃபோட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கண் கலங்கிப்போனாள்.

"எவ்ளோக்கா?"

"காசெல்லாம் வோணாம். என்கூட ஏளு போடு. அது போதும்."

கையூட்டு வாங்கினவன் குடவோலைக்கே நிற்கக்கூடாது என்று பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்து ஆயிரம் வருஷமாகிறது. அந்த ஊரில், ஒரு ரவிக்கைத் துணியைக் கொடுத்து உண்மைக்குப் பெரும்பான்மை வாங்கினாள் நசீரா. வேறு எதைக் கொடுத்தாலும் அன்று அந்த உண்மை ஜெயித்திருக்காது. அபிநயா அதற்குப் பிறகு வினோத் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது சிவப்பு வினோத்துக்கு விழுந்தது. நாளுக்கு நாள் கூடியது. அவன் ஒவ்வொரு படத்தையும் உற்று உற்றுப் பார்த்து, சாயத்தைப் பிரித்து, மனப்பூர்வமாகத் தப்பாகப் போட்டான். நசீரா இரண்டு தடவை எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள். ஏசுதாஸிடம், இந்தப் பையன் மேல் தப்பில்லை, நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் போடுகிறான் என்று சொல்லலாம். சொன்னால், போன மாதத்துக் கூத்து முழுக்கத் தன் தலையில் விடியும். நாற்காலி போய்விடும். இரண்டு தடவையும் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள். தன்னை நினைத்தால் அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை வினோத்தின் பாஸ்வேர்டு உள்ளே போகவில்லை. "சிஸ்டம் தூக்கிடுச்சு. நான் இன்னா பண்ண முடியும் சொல்லு" என்றார் ஏசுதாஸ். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வினோத் நசீராவிடம் வந்தான். அவன் கோபமாகப் பேசியிருந்தால் அவளுக்குத் தேவலை.

"வரேன்கா. கலர் விஷயத்துல நீங்கதான் மாஸ்டரு. இவங்களுக்குத் தெரியல."

அந்த மாதச் சோதனையில் பத்துக்கு ஒன்பது தேறியது. நசீராவும் அபிநயாவும் நிரந்தரமானார்கள். கழுத்து அட்டை வந்தது. நீல நாடா, ஆனந்தா ப்ளூ. பயிற்சிக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி போய்ச் சுழல் நாற்காலி வந்தது. அதில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். வினோத்தின் காலி மேஜை ஒரு தரம் வந்து போனது. இரண்டாவது சுற்றுக்கு மனசு வரவில்லை.

முதல் சம்பளம் வந்த அன்று வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குப் போனாள். கடையில் கூட்டம். செங்கல்பட்டு அம்மாள் ஒருத்தி சேலையை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். கவுண்டருக்குப் பின்னாலிருந்து ஒருவன் இரண்டு துணிகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் பிடித்து, "பாரும்மா, இது ஆனந்தா, அது காப்பர் சல்பேட்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வினோத். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்கக்கா" என்றான்.

அத்தாவுல்லா டீக்கடையிலிருந்து எழுந்து வந்தார். உற்சாகமாக இருந்தார்.

"பையன் தங்கம் நசீரா. வேல தேடிக்கினு வந்து நின்னான். ஒரு நீலத்தக் காட்டுனேன், அதுலயே ஆறு வக சொல்றான். நம்ம கடையிலயே பொறந்து வளந்தவன் மாரி கீறான். அவன் வந்ததுலேர்ந்து வியாபாரம் சுமாராப் போவுது. நீ இனிமே இந்தப் பக்கமே வர வோணாம், ஜாலியா உன் வேலையப் பாரு."

நசீரா கேட்டாள், "இவனுக்குச் சம்பளம் பேசிக்கீறீங்களா?"

"பேசாம? மாசம் பொறந்தா மொத தேதி." அத்தாவுல்லாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "இது இன்னா கேள்வி? நாள் பூரா நின்னுக்கினு வேல செய்றவனுக்குச் சம்பளம் குடுக்காம இருக்க முடியுமா? அது பாவம் இல்ல?"

நசீரா கவுண்டரைப் பார்த்தாள். வினோத் அடுத்த சேலையை விரித்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் கால் வலித்தது. உட்காரலாம் என்று பார்த்தாள், அந்தக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருந்த அத்தாவுல்லாவின் நாற்காலியைத் தவிர வேறு நாற்காலி இல்லை. அவள் போய் அதில் உட்கார்ந்தாள். அத்தாவுல்லா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு டீக்கடைக்குப் போனார்.